சிரிப்புக்கும் ஒரு ரீடேக்

எங்கள் தெருவுக்கு டி.வி. வந்தபோது சிரிப்பு அதோடு சேர்ந்து வரவில்லை. அதை நாங்கள்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. டெல்லியில் 1959 செப்டம்பரிலேயே சோதனை ஒளிபரப்பு ஆரம்பமாகிவிட்டது. பம்பாய்க்கு 1972-ல் கிடைத்தது. கல்கத்தா எங்களை ஆறே நாளில் முந்திக்கொண்டது. எமர்ஜென்சி அமலில் இருந்த நேரம் அது. எதைப் பார்த்துச் சிரிக்கலாம், எதைப் பார்த்துச் சிரித்தால் வீட்டுக்கு ஆள் வரும் என்பது ஜனங்களுக்கு ஓரளவு புரிந்திருந்தது. ஆகவே மாமனார், மாப்பிள்ளை, காது கேட்காத தாத்தா, மறதிக்கார டாக்டர் ஆகியோரைப் பார்த்து மட்டும் சிரிப்பது என்று ஊரே பேசி வைத்ததுபோல் நடந்துகொண்டது.

திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவில் முதல் பெட்டி வாங்கியவர் எதிர்வீட்டு மாமி. நாலு கால் வைத்த மரப் பெட்டி, முன்னால் இழுத்து மூடும் ஷட்டர், ஷட்டருக்குப் பூட்டு, சாவி மாமியின் இடுப்பில். தபாலாபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வேறு எடுக்க வேண்டும். சுவாமி சிவானந்தா சாலை நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்குப் பொடிநடையாக வந்துவிடலாம். ஆனாலும் படம் வந்து சேருவதற்கு மொட்டைமாடியில் ஒரு பையன் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "இப்ப?" என்று அவன் மேலிருந்து கத்துவான். "கோயில் பக்கமா கொஞ்சம் திருப்புடா!" என்று கீழேயிருந்து பதில் போகும். நாடகம் முழுக்க அவன் மேலேயே நின்ற நாட்களும் உண்டு. மறுநாள் கதையை அவனுக்கு நாங்கள்தான் சொல்வோம்.

மாமி வீட்டில் சட்டதிட்டங்கள் இருந்தன. செருப்பு வாசலோடு சரி. குழந்தைகள் தரையில், பெரியவர்கள் பெஞ்சில், மருமகள்கள் சமையலறை நிலைப்படியில். நடுவில் எழுந்து போகக்கூடாது, இருமக்கூடாது. சிரிப்புக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. உண்மையைச் சொன்னால் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவனைத்தான் மாமிக்குப் பிடிக்காது. "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்பாள். தன் வீட்டுப் பெட்டியில் வரும் ஜோக்குக்குச் சிரிக்காதவன் தன் வீட்டுக் காபியைக் குறை சொன்னவனுக்குச் சமம் என்பது அவள் கட்சி.

நெல்வயலில் கால் வைத்தே அறியாத திருவல்லிக்கேணி வாசிகள் 'வயலும் வாழ்வும்' பார்த்துப் பூச்சி மருந்து தெளிக்கும் முறையைக் கற்றோம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு சினிமா என்று வாரம் முறைப்பட்டது. நிலையத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு 'எதிரொலி'யில் பதில் வரும். தெருவில் யாராவது பேசிக்கொண்டே இருந்து எச்சில் விழுங்க நிறுத்தினால், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று டி.வி. பாணியில் பின்னாலிருந்து குரல் எழும். இத்தனைக்கும் நடுவில் செவ்வாய்க்கிழமை நாடகம். அன்றைக்குத்தான் மாமி வீட்டு ஹால் நிரம்பி வழியும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். பகலில் வங்கிக் குமாஸ்தாவான நான், சாயங்காலத்தில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் சில்லறை வேடக்காரன். போஸ்ட்மேன், பந்தல்காரர், பெண் பார்க்க வந்த கூட்டத்தில் நாலாவது ஆள். மூன்று வசனத்துக்கு மேல் பேசினால் குழுவில் புரட்சி வெடிக்கும்.

அந்தக் காலத்துச் சபா நகைச்சுவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒய்.ஜி. பார்த்தசாரதியும் நண்பர்களும் 1952-ல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் பல பேருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. சோ அரசியலை மேடையில் ஏற்றினார். காத்தாடி ராமமூர்த்தியும் மௌலியும் சபாக்களை நிறைத்தார்கள். 1976-ல் எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழுவுக்காகக் கிரேசி மோகன் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். அந்தத் தலைப்பே அவருடைய பெயரின் முன்பாதியானது. அவர் கிண்டியில் என்ஜினீயரிங் படித்துவிட்டுக் கம்பெனி உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர். பெரும்பாலான நாடகக்காரர்கள் அப்படித்தான், பகலில் கோப்பும் இரவில் ஜோக்குமாக வாழ்ந்தவர்கள். மேனேஜர் முகத்தைப் பார்த்து அடக்கிவைத்த சிரிப்பை சாயங்காலம் சபாவில் போய்ச் செலவழித்தார்கள்.

அந்த நாடகங்களின் நிஜமான டைரக்டர் எதிரே உட்கார்ந்திருந்த ஜனம்தான். ஒரு ஜோக்கைப் போட்டால் சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். முக்கால்வாசி இறங்கும்போது அடுத்த வசனத்தைப் போட வேண்டும். முந்திப் போட்டால் வசனம் சிரிப்பில் மூழ்கிப்போகும். பிந்திப் போட்டால் சபை ஆறிப்போகும். இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. மேடையில் பல தடவை அடிபட்டுத்தான் கற்க வேண்டும். முதல் ஷோவில் சிரிப்பு வராத வசனத்தை இரண்டாவது ஷோவில் வெட்டிவிடுவார்கள். என் மூன்று வசனம் இரண்டாகி, இரண்டு ஒன்றானதெல்லாம் ஜனங்களின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

இப்படி ஜனத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய எங்கள் குழுவுக்கு ஒரு நாள் டி.வி. வாய்ப்பு வந்தது. மேக்கப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் நுழைந்தோம். உள்ளே ஏ.சி. குளிர், மேலே விளக்குச் சூடு. மூன்று திசையில் கேமரா, தலைக்கு மேலே மைக், காதில் ஹெட்போன் மாட்டிய ஃப்ளோர் மேனேஜர். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. டேப்பை வெட்டி ஒட்டுவது பெரும்பாடாக இருந்த காலம் என்பதால், நீளநீளமான காட்சிகளை நிறுத்தாமல் நடித்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பேருக்குத்தான் பதிவு, நடிக்கிறவனுக்கு அது நேரலைதான்.

ஹீரோ முதல் ஜோக்கைச் சொன்னார். சபாக்களில் கூரை அதிரும் ஜோக் அது. சொல்லிவிட்டு, வழக்கப்படி சிரிப்புக்காக நின்றார்.

ஒரு சத்தமும் இல்லை. சிரித்தால் மைக்கில் ஏறிவிடும் என்பதால் ஃப்ளோர் மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஹீரோ கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடுத்த வசனத்துக்குப் போனார். அடுத்த ஜோக்குக்கும் நின்றார். உடம்பில் ஊறிய பழக்கத்தை அரைமணி நேரத்தில் யார் மாற்றிக்கொள்ள முடியும்? சிரிப்புக்கு அவர் விட்ட இடைவெளி அத்தனையும் மௌனமாக டேப்பில் ஏறியது. வெளியே வந்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "இழவு வீட்டுல ஜோக் சொன்னாப்பல இருக்குடா" என்றார்.

ஒளிபரப்பான செவ்வாய்க்கிழமை மாமி வீட்டில் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். முதல் ஜோக் வந்தது. ஹால் வெடித்தது. திரையில் ஹீரோ பொறுமையாக நின்றார். சிரிப்பு ஏறி இறங்கியது. முக்கால்வாசி இறங்கியபோது கணக்காக அடுத்த வசனம் விழுந்தது. ஸ்டுடியோவில் செத்த ஜோக் ஒவ்வொன்றும் மாமி வீட்டில் எழுந்து உட்கார்ந்தது. அவர் விட்ட இடைவெளிகள் வீணாகவில்லை. சிரிக்க வேண்டியவர்கள் வந்து சேரச் சில நாள் பிடித்தது, அவ்வளவுதான். டி.வி. என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. ஜோக் அவர்கள் பொறுப்பு, சிரிப்பு எங்கள் பொறுப்பு.

இதே சிரிப்புக் கணக்கை அமெரிக்காக்காரர்கள் எங்களுக்குக் கால் நூற்றாண்டு முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தூக்கம் குறைகிற வயதில் யூடியூப் நல்ல துணை. 1950-களின் நிகழ்ச்சிகள் மங்கலான கறுப்பு வெள்ளையில் அதில் கிடைக்கின்றன. அப்போது வீடியோ டேப் இல்லை. டி.வி. திரைக்கு எதிரே ஒரு சினிமா கேமராவை வைத்துப் படம்பிடித்தார்கள். கினஸ்கோப் என்று அதற்குப் பெயர். இன்றைக்கு நாம் பார்ப்பது அந்தப் படத்தின் மிச்சம். எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு அந்த மிச்சமும் இல்லை.

டி.வி. சிரிப்புக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருக்க வேண்டும். மில்டன் பெர்ல் 1948 ஜூன் 8-ல் என்.பி.சி.யில் முதன்முதலாக 'டெக்ஸகோ ஸ்டார் தியேட்டர்' நடத்தியதும் செவ்வாய்க்கிழமைதான். பெட்ரோல் பங்க் சீருடையில் நாலு பேர் பாடி ஆரம்பித்து வைப்பார்கள். பிறகு பெர்ல் ஏதாவது கோலத்தில் வருவார், பல நாள் பெண் வேடத்தில். பாட்டு, ஆட்டம், வித்தை, அசட்டு ஜோக் எல்லாம் கலந்த வாட்வில் என்ற பழைய மேடைக் கதம்பத்தை அவர் அப்படியே பெட்டிக்குள் கொண்டுவந்தார். எல்லாம் நேரலை. ரிகர்சலில் கழுத்தில் ஒரு விசில் தொங்கும், யாருக்கு எது என்று அவரே ஊதித் தீர்ப்பார். அவரைப் பார்ப்பதற்காகவே ஜனம் பெட்டி வாங்கியது என்பார்கள். அந்த நாட்டில் அவர் பட்டப்பெயரே 'மிஸ்டர் டெலிவிஷன்'. 1951-ல் என்.பி.சி. அவரோடு முப்பது வருட ஒப்பந்தம் போட்டது. நிகழ்ச்சி 1956-லேயே முடிந்துவிட்டது. டி.வி.யில் முப்பது வருடம் என்பது எவ்வளவு காலம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எனக்குப் பிடித்தவர் சிட் சீஸர். 1950 பிப்ரவரி முதல் 1954 ஜூன் வரை சனிக்கிழமை ராத்திரிகளில் 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்'. தொண்ணூறு நிமிடம், ஒரு வருஷத்தில் முப்பத்தொன்பது வாரம், அத்தனையும் நேரலை. எதிரே அரங்கம் நிறைய ஆள். கூட நடித்தவர்கள் இமொஜீன் கோகா, கார்ல் ரைனர், ஹோவர்ட் மோரிஸ். எழுதிய அறையில் மெல் புரூக்ஸ், நீல் சைமன், லூசில் காலன் மாதிரி ஆட்கள். சைமன் அந்த அறையின் கூச்சலை வைத்தே 1993-ல் ஒரு நாடகம் போட்டுவிட்டார். சீஸருக்கு எந்த அந்நிய பாஷையும் ஒழுங்காகத் தெரியாது. ஆனால் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஜப்பானிய ஓசையில் அர்த்தமே இல்லாமல் பொளந்து கட்டுவார். அந்தந்த பாஷைக்காரர்களே ஒரு நிமிடம் ஏமாறுவார்களாம்.

பின்னால் 'சீஸர்ஸ் அவர்' நடத்தியபோது, 1955-ல் ஓர் இத்தாலிய ஆபராவைக் கேலி செய்தார்கள். கோமாளி வேடத்தில் கண்ணாடி முன் உட்கார்ந்து, பொய் இத்தாலியனில் சோகமாகப் பாடிக்கொண்டே கன்னத்தில் கண்ணீர்த் துளி வரைய வேண்டும். பென்சில் முனை உடைந்துவிட்டது. கோடிக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், 'கட்' சொல்ல வழியில்லை. சீஸர் பாட்டை நிறுத்தவில்லை. கன்னத்தில் கோடு கிழித்துக் கட்டம் போட்டார். பள்ளிப் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடுவார்களே, வட்டமும் பெருக்கல் குறியும், அந்த ஆட்டத்தைத் தன் முகத்திலேயே ஆட ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒழுங்காக வரைந்திருந்தால் அந்தக் கண்ணீர்த் துளி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அந்த நேரலைச் சிரிப்பு ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு வாரமும் புதுச் சரக்கு வேண்டும், நடித்தவனும் எழுதியவனும் கரைந்து போவார்கள். 1951 அக்டோபரில் வந்த 'ஐ லவ் லூசி' வேறு வழி காட்டியது. ஜனத்தை உட்காரவைத்து மூன்று கேமராவில் ஃபிலிமில் எடுத்தார்கள். ஃபிலிம் என்றால் மறுபடி மறுபடி போட்டுக் காசு பார்க்கலாம். நேரலை ஜோக்குக்கு ஒரே ராத்திரிதான் ஆயுள். 1956-ல் ஆம்பெக்ஸ் வீடியோ டேப் எந்திரத்தைக் கொண்டுவந்தது. அப்புறம் நேரலை தேவை என்பது போய், விருப்பம் என்றானது.

ஆனால் ஃபிலிமில் எடுத்த எல்லோரும் ஜனத்தைக் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. காலி ஸ்டுடியோவில் எடுத்தவர்களுக்கு எங்கள் ஹீரோவுக்கு வந்த அதே கஷ்டம் வந்தது. ஜோக்குக்குப் பிறகு மௌனம். அமெரிக்காக்காரன் மௌனத்தைச் சும்மா விடுவானா? சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பதிவு என்ஜினீயர் ஒரு பெட்டி செய்தார். உள்ளே சிரிப்புகளைப் பதிந்த டேப் சுருள்கள், வெளியே டைப்ரைட்டர் மாதிரி சாவிகள். ஒன்றைத் தட்டினால் புன்சிரிப்பு, இன்னொன்றைத் தட்டினால் வயிறு குலுங்கும் சிரிப்பு, வேறொன்றில் பெண்களின் கிளுகிளுப்பு. பெட்டியின் ரகசியம் வெளியே போகாமல் பூட்டி வைத்திருந்தார். படத்தைப் போட்டுப் பார்த்து, எங்கே எவ்வளவு சிரிப்பு என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். அறுபதுகளின் நிகழ்ச்சிகள் பலவற்றில் கேட்பது அந்தப் பெட்டியின் சிரிப்புதான். திவசம் கொடுத்தாகிவிட்ட ஆட்கள்கூட வாராவாரம் புதுப்புது ஜோக்குகளுக்குச் சளைக்காமல் சிரித்திருக்கிறார்கள்.

மாமியின் ஷட்டர் பூட்டையும் டக்ளஸின் பூட்டையும் நான் சேர்த்து நினைத்துக்கொள்வதுண்டு. மாமி பூட்டியது படத்தை. அவர் பூட்டியது சிரிப்பை.

எங்கள் கதைக்கு வருகிறேன். 1982-ல் கலர் வந்தது. தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு பெட்டி என்றாகி, பிறகு வீட்டுக்கொன்று, அறைக்கொன்று என்றானது. லைசென்ஸ் போயிற்று. 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டி.வி. வந்தது, அப்புறம் கணக்கே இல்லை. 'லொள்ளு சபா' சினிமாவைக் கிழித்தது, சந்தானம் அதிலிருந்து வந்தார். 'கலக்கப் போவது யாரு' மேடையிலிருந்து சிவகார்த்திகேயன் வந்தார். திறமைசாலிகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் இதற்கிடையில் எங்கோ ஓரிடத்தில் சிரிப்புப் பொறுப்பு எங்கள் கையைவிட்டுப் போயிருந்தது. எப்போது கைமாறியது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது, என் அக்கா பேத்தி ஒரு நாள் போன் செய்யும்வரை.

அவள் ஒரு சேனலில் எடிட்டர். "தாத்தா, நாளைக்கு ஷூட்டுக்கு ஆடியன்ஸ்ல பெரியவங்க குறையுறாங்க. வரீங்களா? காமெடி ஷோதான். சும்மா உக்காந்து சிரிச்சா போதும்."

"லைவா?" என்றேன்.

"லைவ் மாதிரி" என்றாள்.

பூந்தமல்லி பக்கம் ஒரு ஷூட்டிங் ஃப்ளோர். வேன்களில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கென்று ஏஜென்ட் இருக்கிறார், கையில் பெயர்ப் பட்டியலோடு. என் வெள்ளைச் சட்டை கேமராவுக்கு ஆகாது என்று யாருடையதோ ஊதாச் சட்டையை மாட்டிவிட்டார்கள். இளம்பெண்களை முன்வரிசையில், குண்டானவர்களை ஓரத்தில், என்னை 'குடும்பம் மாதிரி தெரிய' ஓர் அம்மாவுக்கும் ஒரு பையனுக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். மாமி வீட்டிலும் இடம் பிரித்துத்தான் உட்காரவைத்தார்கள் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மேடையில் ஒருவரும் இல்லை. நடிகர்கள் மேக்கப் ரூமில் இருந்தார்கள். ஓர் அசிஸ்டென்ட் டைரக்டர் மைக்கை எடுத்தார். "எல்லாரும் ஒரு தடவை சிரிங்க. சின்னதா." சிரித்தோம். "இப்ப பெருசா." பெரிதாகச் சிரித்தோம். "கை தட்டிக்கிட்டே சிரிங்க. பக்கத்துல இருக்கவங்க தோள்ல தட்டிச் சிரிங்க. தாத்தா, நீங்க கண்ணைத் துடைச்சுக்கங்க. சூப்பர். இப்ப எல்லாரும் ஷாக் ஆகுங்க." கேமரா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போனது. எந்த ஜோக்குக்காக இந்தச் சிரிப்பு என்று பக்கத்து அம்மாவிடம் கேட்டேன். "அது அப்புறம் வரும் சார்" என்றார். அனுபவசாலி. அந்த வாரத்தில் அவருக்கு அது இரண்டாவது ஷோவாம்.

மத்தியானத்துக்கு மேல் நடிகர்கள் வந்தார்கள். நல்ல பையன்கள், வேகமான கவுன்ட்டர்கள். நடுவர்கள் ஜோக் முடிவதற்குள்ளேயே நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார்கள். விழும் இடத்தில் மெத்தை போட்டிருந்தது. ஒரு கட்டத்தில் மாப்பிள்ளையாக நடித்த பையன் நிஜமாகவே வசனத்தை மறந்துவிட்டான். முழித்தான். மாமனாராக நடித்தவரிடம் மெதுவாக, "அடுத்து என்ன மாமா?" என்றான். அவரும் மறந்துபோயிருந்தார். "எனக்கும் தெரியாதே, உங்க அத்தையைக் கேளு" என்றார். ஃப்ளோரே குலுங்கியது. நானும் அந்த ஊதாச் சட்டையின் பொத்தான் தெறிக்கச் சிரித்தேன். கேமராக்காரர் சிரித்தார், லைட் பாய் சிரித்தார். சீஸரின் பென்சில் இங்கேயும் உடைந்துவிட்டது என்று எனக்கு ஒரே உற்சாகம்.

"கட்!" என்றார் டைரக்டர். "செம! அதை வச்சுக்கலாம். ஆனா ரெண்டாவது கேமரா மாமனார் மேல இல்ல. ஒன் மோர்."

பையன் இரண்டாவது முறை வசனத்தை மறந்தான். இம்முறை கொஞ்சம் அதிகமாக மறந்துவிட்டான் என்று டைரக்டருக்குத் திருப்தியில்லை. மறுபடி மறந்தான். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு மைக்கில் வேண்டுகோள் வந்தது: "முதல் தடவை சிரிச்சீங்களே, அதே மாதிரி!" முதல் தடவை எப்படிச் சிரித்தோம் என்று யாருக்குத் தெரியும்? கண்ணீர்த் துளியை மறுபடி வரையலாம். உடைந்த பென்சிலை எப்படி மறுபடி உடைப்பது?

ஒளிபரப்பானபோது வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். திரையின் மூலையில் 'இதுவரை காணாத கலாட்டா' என்று ஓடியது. மாமனார் மறந்த காட்சி வந்தது. மூன்று கோணத்தில், மெதுவோட்டத்தில், பின்னால் ஒரு சினிமா பாட்டின் துண்டோடு. அங்கே சிரித்தது முன்வரிசைப் பெண்கள். நான் வேறோர் இடத்தில் வந்தேன். ஷூட்டிங்கில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்ட ஒரு ஜோக்குக்கு, திரையில் பக்கத்து அம்மாவின் தோளைத் தட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலி மேடையைப் பார்த்துக் காலையில் கொடுத்த சிரிப்பு, சாயங்கால ஜோக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவிலிருந்து நாலு பேர் போன் செய்து, "இந்த வயசுலயும் என்னமா ரசிக்கிறீங்க!" என்றார்கள்.

அக்கா பேத்தியைக் கூப்பிட்டுக் கொஞ்சம் பேசினேன். சீஸரைச் சொன்னேன், எங்கள் ஹீரோவைச் சொன்னேன், மாமி வீட்டு ஹாலைச் சொன்னேன். நியூயார்க்கில் 'சாட்டர்டே நைட் லைவ்' 1975 அக்டோபர் 11 முதல் இன்றுவரை நேரலையாக நடப்பதைச் சொன்னேன். நம் சென்னை நிலையத்துக்கு இரண்டே மாதம் இளையது. ராத்திரி நிகழ்ச்சிக்கு முன்னால் சாயங்காலம் ஓர் ஒத்திகையை ஜனத்தின் முன் நடத்துகிறார்கள், சிரிப்பு வராததை வெட்டுகிறார்கள், எங்கள் சபாக் காலம் போலவே. "அவங்களால முடியுதே?" என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். எடிட்டர்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. பிறகு சொன்னாள்: "தாத்தா, மாமி வீட்டுல எத்தனை பேர் உக்காந்து பாத்தீங்க? முப்பது, நாப்பது? இப்ப எங்க ஷோவை எப்படிப் பாக்குறாங்க தெரியுமா? ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக்கிட்டு, காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு, தனியா பாக்குறான். அவன் பக்கத்துல சிரிக்க யாரு இருக்கா? அதான் ஆளையும் நாங்களே அனுப்பி வைக்கிறோம். நீங்க மாமி வீட்டுக்குப் போனீங்க. நாங்க மாமி வீட்டையே போன்ல போட்டுத் தரோம்."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யோசித்துப் பார்த்தால் மாமி வீட்டில் நாங்கள் சிரித்த ஜோக்குகளில் பாதி இன்றைக்குக் கேட்டால் கொட்டாவிதான் வரும். யூடியூபில் மில்டன் பெர்லும் பல இடங்களில் சகிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தது ஜோக்குக்காக மட்டும் இல்லை. பக்கத்துப் பெஞ்சில் பெரியவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார், நிலைப்படியில் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள், அதற்காகவும்தான். காதுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் சிரிக்காமல் சிரிப்பு வராது என்பதை டக்ளஸ் எந்திரம் வைத்துக் கண்டுபிடித்தார். மாமி எந்திரம் இல்லாமலே கண்டுபிடித்து, பெஞ்ச் வாங்கிப் போட்டாள். பேத்தி செய்வது மூன்றாவது வழி.

"ஆனா ஒண்ணும்மா" என்றேன். "மாமி வீட்டுல பிடிக்கலேன்னா சிரிக்காம உக்காரலாம். அவ திட்டுவா, அவ்வளவுதான். உன் ஃப்ளோர்ல சிரிக்காம உக்கார வழியே இல்லியே?"

"சிரிக்காத மூஞ்சியும் எடுத்து வச்சிருக்கோம் தாத்தா. மொக்கை ஜோக் வந்தா அதைப் போடுவோம்."

எதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். நான் தோல்வியை ஒப்புக்கொண்டு பேச்சை மாற்றப் பார்த்தேன். அவள் விடவில்லை. "உங்க பேட்டாவை ஏஜென்ட் குடுத்துட்டாரு தாத்தா" என்று ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கமிஷன் போக நானூறு ரூபாய்.

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் குழுவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் சபா மேடையிலும் வருடக்கணக்கில் ஜனத்தைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டிருக்கிறேன். ஒரு பைசா கிடைத்ததில்லை. பஸ் செலவு என்னுடையது, போஸ்ட்மேன் பையும் என்னுடையது. நகைச்சுவைத் துறையில் என் முதல் வருமானம் இதுதான், அதுவும் சிரித்ததற்கு.

"அடுத்த வாரம் ஃப்ரீயா தாத்தா?" என்றாள். "குடும்ப ஷோ ஒண்ணு. அழ ஆள் வேணும். அதுக்கு ரேட்டு கொஞ்சம் கூட."